இரண்டாம் பக்கத்தில் இருந்த பாட்டு

மேடையில் வீற்றிருக்கும் போதகர் மபாசோ அவர்களே, குறித்த நேரத்தில் எங்களைப் பேச வைத்து, குறித்த நேரத்தில் உட்கார வைக்கும் சிரமமான பொறுப்பை ஏற்றிருக்கும் ஐயா சிபியா அவர்களே, டூபே குடும்பத்தாரே, டாக்சி ஓட்டுநர் சங்கத்துப் பெரியவர்களே, இடம் கிடைக்காமல் சன்னல்களுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் குவாமாஷு மக்களே! பிள்ளையை இழந்த தாய் வெளியே வரக்கூடாது என்ற நம் வழக்கப்படி இங்கே வராமல், வீட்டில் துக்க மெத்தையில் அமர்ந்து, கைப்பேசி வழியாக இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா மாகுஸ்வாயோ அவர்களே! உங்கள் அனைவர் முன்பும் தலை தாழ்த்துகிறேன்.

என் பெயர் நோமூசா குமேடே. பல்கலைக்கழகத்தில் இசை கற்பிக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சித் தாளில், என் பெயருக்கு நேரே, "தோழி, உடன் இசையமைத்தவர், ஐந்து நிமிடம்" என்று அச்சிட்டிருக்கிறது. தோழி என்பது பாதி உண்மை. உடன் இசையமைத்தவர் என்பதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஐந்து நிமிடம் போதாது.

பேச்சு நீண்டால் யாராவது ஒரு பாடலைத் தொடங்குவதும், கூட்டமே சேர்ந்து பாடிப் பேசுபவரை நாற்காலிக்கு அனுப்புவதும் நம் ஊர் வழக்கம். நானே ஒரு நகரமன்ற உறுப்பினரை அப்படி அனுப்பியிருக்கிறேன். இன்று எனக்கு அதைச் செய்யாதீர்கள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு நானே உங்களிடம் பாட்டைக் கேட்கிறேன்.

டிஜே சிசா இறந்துவிட்டார். உலகம் அப்படி அழைத்த நம் சிசாகேலே டூபே இறந்துவிட்டார். எழுதி வைத்துக்கொண்டு வந்த தாளில் "அவர்" என்றுதான் போட்டிருக்கிறேன். வாயில் வரமாட்டேன் என்கிறது. மன்னியுங்கள், அவள் என்றே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்து, "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாள். உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை. நாற்பத்தெட்டு வயது!

திங்கட்கிழமை மாலைப் பிரார்த்தனைக்கு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அறையில் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். மெத்தையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா அமர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"நோமூசா, கிட்ட வா பிள்ளே. இன்னும் கிட்ட. நான் ஒண்ணு கேப்பேன், பொய் சொல்லமாட்டியே?"

"கேளுங்கம்மா."

"என் மக உன் பாட்டத் திருடினாளா?"

 சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள்.

"இருபத்தாறு வருசமா இந்த ஊரு அப்படித்தான் பேசுது. எனக்குக் காது இருக்கே! அவகிட்டயே கேட்டேன். சிரிச்சா. 'கேசட் அவளுதும்மா'ன்னா. அது ஒரு பதிலா? சனிக்கிழமை அவளக் குழிக்குள்ள எறக்குறாங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். அவ திருடியிருந்தா அவ சார்பா நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கடனோட அவள அனுப்ப முடியாது."

எழுபத்துநான்கு வயதுத் தாய், மகளைப் பறிகொடுத்த மறுநாள், என்னிடம் மன்னிப்புக் கேட்க ஆயத்தமாக உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வியாழக்கிழமை மண்டபத்துல சொல்றேன்மா" என்றேன். எல்லோர் முன்னும் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிவு இல்லை. யாரோ ஒரு பாடலைத் தொடங்கினார்கள். தப்பித்தேன்.

அம்மா, இன்று வியாழக்கிழமை. பதில் சொல்லிவிட்டுத்தான் இந்த ஒலிவாங்கியை விடுவேன். ஆனால் வெறும் ஆம், இல்லை என்று சொன்னால் இந்த ஊர் நம்பாது. கொஞ்சம் முதலிலிருந்து சொல்ல விடுங்கள்.

இந்த மண்டபத்தைப் பாருங்கள்! நாற்காலி போதவில்லை, பெஞ்சு போதவில்லை, பிள்ளைகள் சன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். படியேறி உள்ளே வந்ததும் நான் முதலில் செய்தது ஜெபம் அல்ல. வரிசைகளைப் பார்த்தேன். என் சாவுக்கு இதில் முன் இரண்டு வரிசையாவது நிறையுமா என்று யோசித்தேன். அவள் இறந்து நான்கு நாள்தான் ஆகிறது! செத்தவளைப் பார்த்துமா பொறாமை என்று கேட்பீர்கள். ஆமாம். நிகழ்ச்சித் தாளில் அவளுக்குக் "குவாமாஷுவின் ராணி" என்று பட்டம். எனக்கு "முனைவர்". ஒன்பது வருடம் படித்து வாங்கிய பட்டம் அது. அவளுக்குப் பட்டம் கொடுத்தவர்கள் ஒரே மாலையில், நின்ற இடத்திலிருந்து கத்திக் கொடுத்தார்கள்.

அவளிடம் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்? முதலில் அவள் காதைப் பார்த்து.

சிசா தன் அம்மாவோடு டாக்சி நிலையத்தில் சோளக்கதிர் சுட்டு விற்றவள். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் வாங்கித் தின்றிருக்கிறீர்கள். அடுப்புக்கு முகத்தைத் திருப்பி, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பின்னால் ஒரு டாக்சி வேனின் கதவு உருண்டு மூடும். திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்: "ஷேசி அண்ணன் வண்டி வந்துடுச்சு. கதவோட கீழ் உருளைக்கு எண்ணெ போடச் சொன்னேன், இன்னும் போடல." அடுத்த கதவு மூடும். "இது புது வண்டி. கதவ யாரோ கோபமா சாத்துறாங்க. பொம்பளதான்." திரும்பிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நான் காதுப் பயிற்சித் தேர்வில் வகுப்பிலேயே முதல் மாணவி. சான்றிதழ் வைத்திருக்கிறேன். அந்த நிலையத்தில் இருநூறு கதவுகளைச் சாத்துவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே கதவு.

அடுத்து, அவளிடம் மனிதர்கள் போய்ச் சேர்ந்த விதம். என் தங்கை திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு வயலின்காரர்களை நான் ஏற்பாடு செய்திருந்தேன். சிசா விருந்தாளியாக வந்திருந்தாள். பந்தலில் முந்நூறு பேர். மதியம் மின்சாரம் போனது. அதனால் என் நால்வருக்கு என்ன குறை? அவர்களுக்கு மின்சாரம் தேவையில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து என் பெரியப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"ஏம்மா நோமூசா, அந்த நாலு பேரும் ரொம்ப நேரமா கம்பிய முறுக்கி சரி பண்ணிக்கிட்டே இருக்காங்களே, எப்ப வாசிக்க ஆரம்பிப்பாங்க?"

பக்கத்தில் இருந்த சிசா தட்டைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அண்ணே, வண்டியப் பின்பக்கமா உள்ள விடுங்க" என்று ஷேசி அண்ணனிடம் சொன்னாள். டாக்சி பந்தலுக்குள் பாதி வந்து நின்றது. கதவுகளைத் திறந்து வைத்து வண்டியின் பாட்டுப் பெட்டியில் கை வைத்தாள். அந்த மதியம் என் அப்பா ஆடினார். பள்ளித் தலைமை ஆசிரியர், தேவாலயத்தில்கூடத் தோளை அசைக்காத மனிதர், தன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஆடினார். அந்தக் கோட்டோடு நான் நின்றேன். இருபது வருடம் நான் அவருக்கு வாசித்துக் காட்டிய எதற்கும் அவர் கால் தட்டியதில்லை.

வெள்ளம் வந்த ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். வீடிழந்தவர்கள் இதே மண்டபத்தில் படுத்திருந்தார்கள். நான் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். சிசா தன் பெரிய ஒலிபெருக்கிகளை லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். ஒரு பாட்டுகூடப் போடவில்லை! மூன்று நாள், காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்தாள். பெயர், குலப்பெயர், தாயின் பெயர், எங்கே கடைசியாகப் பார்த்தார்கள். தொண்டை கட்டிப்போனது. மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் ஒதுங்கியிருந்த பதினொரு பேர் அந்தக் குரலைக் கேட்டு நடந்து வந்தார்கள். மூன்றாம் நாள் அவளுக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீயும் கொஞ்சம் வாசிடி, எனக்கு எழுத்தெல்லாம் மங்குது" என்றாள். வாங்கி வாசித்தேன். தெளிவான உச்சரிப்பு, சரியான நிறுத்தம். இரண்டு பெயர் வாசிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கிழவி கத்தினார்: "சிசாவப் பேசச் சொல்லு! இது யாரு, வங்கியில நம்பர் கூப்பிடறவளா?"

சிரியுங்கள். நல்ல நகைச்சுவைதான். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லிஸ்பனில் ஆட வைத்தாள், டோக்கியோவில் ஆட வைத்தாள். பதினேழு நாடுகளுக்குப் போனாள். போன ஊரிலிருந்தெல்லாம் எனக்குப் படம் போட்ட அட்டை ஒன்று அனுப்புவாள். "இங்கயும் கதவு இருக்கு. சத்தம் சரியில்ல." அவ்வளவுதான் எழுதியிருப்பாள். அவள் பின்னாளில் கட்டிய பாட்டுகளைப் பற்றி நான் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். இரண்டே சுரங்களில் நிற்கும் இசையின் வறுமை என்பது அதன் சாரம். அதை அவளே தேடிப் பிடித்து வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஹாவ்! நோமூசா, முப்பது பக்கமா? ரெண்டு சுரத்துக்கா? ஒரு சுரத்துக்குப் பதினஞ்சு பக்கம்டி!"

"புரிஞ்சுதா உனக்கு?"

"மொதப் பக்கம் புரிஞ்சுது. எங்கயோ உனக்கு வலிக்குதுன்னு புரிஞ்சுது. ஞாயித்துக்கெழம சாப்பிட வா. பூசணி வைக்கிறேன்."

நான் போகவில்லை. எத்தனை ஞாயிறு கூப்பிட்டாள்! எத்தனை ஞாயிறு நான் போகவில்லை!

அந்தப் பாட்டுக்கு வருகிறேன். உலகமே அறிந்த "கதவைச் சாத்து". டிஜே சிசா என்ற பெயரை உண்டாக்கிய பாட்டு. இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை என்ன? படித்த பெண் நோமூசா பாட்டை உண்டாக்கினாள். சோளம் சுட்ட சிசா அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயர் வாங்கினாள். இதுதானே? தலையசைக்கிறீர்கள். நல்லது.

அந்த ஆண்டு எங்கள் இருவருக்கும் இருபத்திரண்டு வயது. என் வீட்டில் அப்பாவின் கணினி இருந்தது, ஒரு கீபோர்டு இருந்தது. சிசா அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரி வாசத்தோடு வருவாள். நான் நான்கு மாதமாக ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம். மூன்று இடத்தில் சுருதி மாறும். நடுவில் ஒரு மௌனம்கூட வைத்திருந்தேன். சிசா கேட்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் மட்டும், "இது யாருக்குடி?" என்றாள். "இசைக்கு" என்றேன். "ஓ" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு. சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மாலையில் திரும்பியபோது, "உன் பாட்ட கேசட்டுல எடுத்து வச்சுட்டேன். மறுபக்கம் காலியா இருந்துச்சு, அதுல நான் என்னமோ பண்ணிப் பாத்தேன். வேணாம்னா அழிச்சுக்கோ" என்றாள். அதை நான் போட்டுக் கேட்கவே இல்லை. அழிக்கவும் இல்லை. அவள் செய்ததில் என்ன இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

நம் ஊரில் ஒரு பாட்டு தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்வது யார்? வானொலியா? பல்கலைக்கழகமா? டாக்சிதான்! திங்கட்கிழமை காலை ஷேசி அண்ணனிடம் கேசட்டைக் கொடுத்தோம். அவர் எதுவும் சொல்லமாட்டார், பாராட்டமாட்டார், கண்ணாடியில் பயணிகளின் முகத்தை மட்டும் பார்ப்பார். சிசாவும் நானும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம். டர்பன் நோக்கி வண்டி கிளம்பியது. என் பாட்டு தொடங்கியது.

முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. மரியாதை என்று நினைத்தேன். பிறகு முன்னால் இருந்த பெண்மணி கேட்டார்:

"ஷேசி, உங்க வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லியேம்மா."

"பின்ன எதுக்குப்பா காலங்காத்தால இந்தப் பாட்டு?"

சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருந்த ஒருவர் சொன்னார்: "இது முடியறதுக்குள்ள நான் வேலைக்குப் போயி, ரிட்டயர் ஆயி, திரும்பி வந்துடுவேன் போலிருக்கே." என் மௌனம் வந்தது. "அப்பாடா, கெட்டுப்போச்சு" என்றார் அவர். வண்டி முழுக்கச் சிரிப்பு. மௌனம் முடிந்து பாட்டு மறுபடி தொடங்கியதும் இன்னும் பெரிய சிரிப்பு. நான் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிசா என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

ஏழு நிமிடம் முடிந்தது, அந்தப் பக்கத்து நாடாவும் முடிந்தது. அந்த வண்டியின் பெட்டி ஒரு பக்கம் முடிந்தால் தானாக மறுபக்கத்தை ஓட்டும் வகை. டக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒரு தேய்ப்பு. ஒரு தட்டு. கதவு உருண்டு மூடும் சத்தம், அந்த வண்டியின் கதவேதான், கீழ் உருளைக்கு எண்ணெய் போடாத அதே கதவு. அதற்குக் கீழே இரண்டு சுரங்கள். பிறகு ஷேசி அண்ணன் குரல். எப்போது பதிவு செய்தாளோ, அவருக்கே தெரியாது: "கதவச் சாத்து தாயே, நேரமாவுது."

"ஹாவ்! இது நான்தானே!" என்றார் ஷேசி அண்ணன்.

முதலில் அந்தப் பெண்மணியின் தோள் அசைந்தது. டப்பாக்காரர் டப்பாவின் மேல் விரலால் தட்டினார். பாலத்துக்கு முன்னால் இறங்கவேண்டிய மூன்று பேர் இறங்கவில்லை. யாரும் அவர்களை நினைவுபடுத்தவும் இல்லை. இரண்டு சுரம்! வேறு ஒன்றுமே இல்லை! எனக்கு வயிறு எரிந்தது. அப்படி எரிந்தது, தீயை விழுங்கியதுபோல. ஏன் எரிந்தது? அது நல்ல பாட்டு என்று அந்த வண்டியில் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

"திரும்பப் போடுப்பா!" என்றார்கள். போட்டார். நகரத்து நிலையத்தில் வண்டி நின்றது. யாரும் எழவில்லை. ஷேசி அண்ணன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"யாரும்மா பண்ணது இத?"

சிசா வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொன்னேன்: "நான்தான்."

அண்ணே, நீங்கள் இரண்டாம் வரிசையில் இருக்கிறீர்கள். நான் சொல்வது சரிதானே? நீங்கள் சிசாவைப் பார்த்தீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கதவு சாத்தும் நேரம்தான். பிறகு சொன்னாள்: "ஆமா அண்ணே, அவதான். அவ கேசட்டுதான்."

இறங்கி நடக்கும்போது கேட்டேன், "ஏன்டி சும்மா இருந்தே?" அவள் சொன்னாள்: "உன் மூஞ்சியப் பாத்தேன். மொதப் பக்கத்துக்கு அவ்வளவு சிரிச்சாங்களே. ரெண்டாவது பக்கத்தையாவது நீ வச்சுக்கோன்னு தோணுச்சு. எனக்கென்ன, நாளைக்கு இன்னொண்ணு பண்ணிக்குவேன்."

நாளைக்கு இன்னொன்று! நான்கு மாதத்தில் எனக்கு வராதது அவளுக்கு ஒரு மதியத்தில் வந்தது, அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு இன்னொன்று என்கிறாள். நன்றி வரவில்லை எனக்கு. பொறாமைதான் இன்னும் ஒரு பங்கு கூடியது.

அந்த ஒரே ஒரு நாள்தான் நான் பொய் சொன்னேன். அதன்பின் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மறுக்கவில்லை, அவ்வளவுதான். பாட்டு வண்டிக்கு வண்டி பரவியது, மறுக்கவில்லை. வானொலிக்காரர்கள் கேட்டபோது சிசா இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தாள், மறுக்கவில்லை. மேடையேறி வாசிக்க எனக்குத் துணிவில்லை, அவள் ஏறினாள், அவள் திருடிவிட்டாள் என்று ஊர் பேசத் தொடங்கியது, மறுக்கவில்லை. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டபோது, "அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை" என்று கண்ணியமாகச் சொன்னேன். என் பெருந்தன்மையைப் பாராட்டி எழுதினார்கள். பல்கலைக்கழக வேலைக்கு நேர்காணலில் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டு ஒருவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். உட்கார்ந்தே கையைக் கொடுத்தேன்.

ஒருமுறை திறந்தவெளி நிகழ்ச்சியில் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "கள்ளி! அது டீச்சர் பாட்டு!" நான் அங்கே ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சிசா இசையை நிறுத்தினாள். "டீச்சர் வந்திருக்காங்களா? வந்திருந்தா மேல வரச் சொல்லுங்கப்பா, எடம் இருக்கு" என்றாள். ஒரு துளி கோபமும் இல்லை அந்தக் குரலில்! கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் பாட்டைப் போட்டாள். கூட்டம் அதிர்ந்தது. அந்தப் பாட்டுக்கு இன்றுவரை என் பாதம் அசைந்ததில்லை. அசைய விட்டதில்லை.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமுகிறீர்கள். ஐயா சிபியா, தெரிகிறது. இன்னும் கொஞ்சம்தான்.

அம்மா மாகுஸ்வாயோ, கேட்கிறதா உங்களுக்கு? உங்கள் மகள் திருடவில்லை. திருடியவள் நான். நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. உங்கள் மகள் சுத்தமாகப் போகிறாள்.

அம்மாவுக்கு நான் சொன்னால் போதும். ஊருக்கு? அழுகிற நேரத்தில் பெருந்தன்மைக்காகச் சொல்கிறாள் என்பீர்கள். என்னைப் பற்றி அப்படிச் சொல்லும்படிதானே இத்தனை வருடம் நடந்துகொண்டிருக்கிறேன்! அதனால் இதைக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, அந்தக் கேசட். இருபத்தாறு வருடம் என் மேசையின் கீழ் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். ஒரு பக்கம் மையில், என் கையெழுத்தில், என் பாட்டின் பெயர். மறுபக்கம் பென்சிலில், கோணல் எழுத்தில், "சிசா, வெள்ளி மதியம்". ஒருமுறை ரப்பரை எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கும், பாருங்கள். மேற்கொண்டு அழிக்கக் கை வரவில்லை. போதகர் அவர்களே, முதலில் உங்கள் கையில் கொடுக்கிறேன். பார்த்துவிட்டு ஷேசி அண்ணனிடம் கொடுங்கள், அவரும் பார்த்துவிட்டு என்னிடமே தரட்டும். இன்று மாலை அது அம்மாவின் மடிக்குப் போய்ச் சேரவேண்டும். இந்த முறை நானே கொண்டுபோகிறேன், அவர் கண்ணைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

இனி என்ன செய்யப்போகிறேன்? நிகழ்ச்சித் தாளில் "உடன் இசையமைத்தவர்" என்று இருப்பதை, தயவுசெய்து, உங்கள் கையில் பேனா இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். வானொலிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேற்றே கடிதம் எழுதிவிட்டேன். அந்த முப்பது பக்கத்தையும் திரும்ப எழுதுவேன். அறுபது பக்கம் ஆனாலும் ஆகட்டும்.

புதன்கிழமைகளில் சிசா டாக்சி நிலையத்தில், அம்மாவின் பழைய அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பாட்டுக் கட்டியவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து கொடுக்கலாம். கேட்பாள். தேறினால் ஓட்டுநர்களிடம் கொண்டுபோவாள், தேறாவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வாள். உலகம் சுற்றிவிட்டு வந்தாலும் புதன்கிழமை அந்தப் பெஞ்சில் இருப்பாள். வரும் புதன்கிழமை அங்கே யார் உட்காருவது என்று சங்கத்துப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் உட்காருகிறேன்.

சிரிப்பு வருகிறதா? எனக்கு அவள் காது கிடையாது. எனக்கு எல்லாம் ஒரே கதவுதான், அதை முன்னமே ஒப்புக்கொண்டேன். ஆனால் எனக்கு வேறொன்று இருக்கிறது. நல்ல பாட்டைக் கேட்டால் வயிறு எரியும். அந்த எரிச்சல் ஒருமுறைகூட என்னை ஏமாற்றியதில்லை. அன்று அந்த வண்டியில், டப்பாக்காரர் விரலைத் தூக்குவதற்கு முன்னாலேயே எனக்கு எரிந்துவிட்டது. பாட்டைக் கொண்டுவாருங்கள். என் முகத்தைப் பாருங்கள். நான் புன்னகை செய்து பாராட்டினால் வீட்டுக்குப் போய் வேறு கட்டுங்கள். முகம் சுருங்கினால் நேரே டாக்சிக்கு ஓடுங்கள். இதுவரை அந்த எரிச்சலை வைத்து ஒரு நல்லதும் செய்யவில்லை. இனி செய்கிறேன். இது டிஜே சிசாவுக்கு நான் தரும் வாக்கு.

சிசா, நீ செத்தும் நான் உன்மேல் பொறாமைதான் படுகிறேன். மாறிவிட்டேன் என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். நீ கொடுத்ததைப் போல எனக்குக் கொடுக்க வரவில்லை. எடுத்ததைத் திருப்பி வைக்க மட்டும் தெரிகிறது, அதுவும் இவ்வளவு காலம் கழித்து. உன் பூசணிக்காய் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஐயா சிபியா அவர்களே, என் நேரம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது. என்னை உட்கார வையுங்கள். ஆனால் பாட்டுப் புத்தகத்திலிருந்து வேண்டாம். புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் செருப்பைத் தரையில் ஒருமுறை தேயுங்கள். புத்தகத்தின்மேல் உள்ளங்கையால் ஒருமுறை தட்டுங்கள். அவ்வளவுதான் அந்தப் பாட்டு. சன்னலுக்கு வெளியே இருப்பவர்கள் சுவரைத் தட்டுங்கள், அம்மாவுக்குக் கேட்கட்டும். குரல் மட்டும் ஒன்று வேண்டும். அது ஷேசி அண்ணனிடம்தான் இருக்கிறது.

எழுந்திருங்கள் அண்ணே. எனக்கு நாற்காலிவரை ஆறு அடி நடக்கவேண்டும். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பாட்டுக்குக் கால் எடுத்து வைக்கிறேன், தாளம் தப்பினால் யாரும் சிரிக்காதீர்கள். கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.